கடலைத்தண்ணி ஆயா

பொய் சொல்லத் தெரியாத மனுஷியோடு பழகுவது லேசான காரியம் இல்லை. அப்படிப்பட்டவர்களை ஊரில் நாலு பேர் புகழ்ந்து பேசுவார்கள். புகழ்கிறவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் குடியிருந்திருக்க மாட்டார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இருந்த ஆயம்மாவை நான் ரொம்ப நாள் வெறுத்தேன். அவரைப் போல ஒருத்தரை அதற்குப் பிறகு நான் பார்க்கவும் இல்லை. இரண்டும் உண்மைதான்.

இலங்கையில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலை மலை அது. மடுவம் என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள், பால்குடிப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவோம். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மூலையில் ஓர் அடுப்பு, ஓர் அம்மி, கரிப்பிடித்த ஒரு பானை. அத்தனை தொட்டிலுக்கும் ஆயம்மா ஒருத்தர்தான். மார்பில் பால் உள்ளவர்கள் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஓடிவந்து கொடுத்துவிட்டு ஓடுவார்கள். இல்லாதவர்கள், பிள்ளை என்னத்தைக் குடித்தது என்று கேட்காமலே இருந்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் நாங்கள் வரிசை அறைகளில் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டி இருந்தது. வீட்டுக்கு ஒரு மாடு இல்லாவிட்டாலும், கேட்டால் ஒரு கிண்ணம் பால் தருகிற வீடு பக்கத்தில் இருக்கும். புதிதாக வந்த துரை, மாடுகள் தேயிலைக் கன்றுகளை மிதிக்கின்றன என்று பட்டியைக் கலைத்துவிட்டார். மடுவத்துக்குத் தோட்டமே பால் தரும் என்று சொன்னார்கள். கொஞ்ச காலம் தரவும் தந்தார்கள். அப்புறம் இன்று வரும், நாளை வரும் என்றிருந்து, அது வராமலே போய்விட்டது. கடையில் பால்மா டின் இருந்தது. நாங்கள் அதைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. பிள்ளைகளுக்குச் சாயத்தண்ணியில், அதாவது பால் விடாத வெறும் தேத்தண்ணியில், சீனி போட்டுப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தோம். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழாமல் கிடக்கும். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஆயம்மாவுக்குப் போதவில்லை. அவர்தான் நிலக்கடலையை அரைத்துப் பிழிய ஆரம்பித்தார். கடைக்காரர் கச்சான் என்பார், நாங்கள் கடலை என்போம். யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒருமுறை கேட்டேன். “ஞாபகம் இல்ல” என்றார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பேன். இவர் சொன்னால் ஞாபகம் இல்லை என்றுதான் அர்த்தம்.

சாயங்காலமே கடலையை வெந்நீரில் ஊறப்போட்டுவிடுவார். எங்கள் குளிருக்குப் பச்சைத்தண்ணீரில் போட்டால் மறுநாளும் விறைத்துக் கிடக்கும். காலையில் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் சிவப்புத் தோல் கழன்று மிதக்கும். அதை வடித்துக் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, விரலில் நெருடாத பதத்துக்கு அம்மியில் இழுப்பார். கரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் பிழிவார். பிறகு அடுப்பு. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை மிலாறு என்போம், எங்களுக்கு அதுதான் விறகு. மிலாறு சடசடவென்று எரியும். பானையில் நுரை சட்டென்று பொங்கும், அடிபிடிக்கவும் பார்க்கும். அந்த நேரத்தில் துரையே வந்து கூப்பிட்டாலும் ஆயம்மா திரும்ப மாட்டார். கிண்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டு, அகப்பையில் எடுத்து, பக்கத்தில் நிற்கிறவள் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

“மோந்து பாரு. பச்சை வாசம் இருக்கா?”

“இல்லீங்க ஆயம்மா.”

“நல்லா மோந்து சொல்லு. எனக்காகச் சொல்லாத.”

பார்வைக்கு அது அசல் பால். வெள்ளை வெளேரென்று இருக்கும், ஆறினால் ஆடைகூடக் கட்டும். நாங்கள் எல்லோரும் பால் என்றுதான் சொன்னோம். ஆயம்மா மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. “இது கடலைத்தண்ணி. பசி ஆத்தும், அம்புட்டுதான். தாய்ப்பால் குடுக்குறவ நிறுத்திப்புடாத” என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வார். அதனால் அவருக்குக் கடலைத்தண்ணி ஆயா என்றே பெயர் விழுந்தது. காது கேட்கவே கூப்பிட்டோம். கோபித்துக்கொண்டதில்லை. உள்ளதைச் சொன்னால் அவருக்கு எப்படிக் கோபம் வரும்?

ஒரு தடவை மடுவத்தைப் பார்வையிட வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். சிங்களவர், நல்ல மனுஷர். அவர் வருவதற்கு முன்பே, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து ஆயம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். “என்ன பால்னு கேட்டா பசும்பால்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத.” ஆயம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டாக்டர் பானையை எட்டிப் பார்த்து, பால் நன்றாக இருக்கிறதே என்று சிங்களத்தில் ஏதோ மெச்சினார். ஆயம்மாவுக்குக் கடைத்தெருச் சிங்களம் வரும்.

“எளகிரி நெவெய் மாத்தயா. ரட்டகஜு” என்றார். பசும்பால் இல்லை ஐயா, கடலை.

கண்டாக்கையாவின் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். டாக்டர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார், தலையாட்டினார், எதையோ எழுதிக்கொண்டு போனார். அதனால் ஒரு சொட்டுப் பால்கூட மடுவத்துக்கு வரவில்லை. மடுவத்துக்கு வந்துகொண்டிருந்த விறகுதான் நின்றது. ஆயம்மா பொழுது சாய்ந்த பிறகு கவாத்து மலையில் தானே மிலாறு பொறுக்கித் தலையில் சுமந்து வந்தார். “பசும்பால்னு சொல்லிருந்தா என்ன ஆயம்மா, ஒங்க தலையில இந்தச் சுமை இருந்திருக்காதே” என்றேன். “மாடு எங்கன்னு கேட்டிருந்தா?” என்றார். அவருடைய யோசனை அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய தர்மம் நியாயம் எல்லாம் பேச மாட்டார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது என் மகன் பிறந்தபோது. பிரசவமாகிச் சில வாரத்திலேயே எனக்குக் காய்ச்சல் கண்டு பால் குறைந்துபோனது. குறைந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்கு ஓடி, பிள்ளையை மார்போடு அணைத்து உட்காருவேன். அது சப்பும், அழும், மறுபடி சப்பும். மற்றப் பெண்கள், “வரும் வரும், முருங்கைக் கீரை தின்னு, பூண்டு தின்னு” என்று தேற்றினார்கள். ஆயம்மா எதிரே வந்து நின்று பார்த்தார்.

“ஒன் மாருல ஒண்ணும் இல்ல புள்ள. அது காத்தக் குடிக்குது” என்றார்.

அத்தனை பேர் முன்னால் அவர் என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே போனேன். அன்றிலிருந்து மடுவத்தில் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். வீட்டிலிருந்து போத்தலில் சாயத்தண்ணி கொண்டுபோய்த் தொட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவேன். அதை அவர் கொட்டிவிட்டுத் தன் கடலைத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறைத்தார் என்று சொல்ல முடியாது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. என் மகனின் கன்னத்தில் சதை வைத்ததைப் பார்த்துவிட்டு நானே போய்க் கேட்டபோது, “ஆமா, கொட்டிட்டேன். ஒனக்கு அரைக்கச் சொல்லித்தரவா?” என்றார். கற்றுக்கொண்டேன். மன்னிப்பு நானும் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

இனிமேல்தான் பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாக்கியம் எங்கள் லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, காம்பரா என்போம். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து, போகாத கோயில் இல்லை என்று அலைந்து, கடைசியில் ஒரு பெண் பிறந்தது. என் மகனுக்குச் சில மாதம் இளையவள். பாக்கியத்துக்கும் பால் சரியாக இறங்கவில்லை. பகலில் மடுவத்துக் கடலைத்தண்ணியில் பிள்ளை தேறிவிட்டது. இரவில் பசித்து வீறிடும். நடுச்சுவர் வழியாக எங்களுக்கும் கேட்கும். பாக்கியத்துக்கு வீட்டில் அரைக்க அம்மி கிடையாது, மலையிலிருந்து வந்தால் உடம்பில் தெம்பும் கிடையாது. ஆயம்மா காலில் விழாத குறையாக, ராத்திரிக்கு ஒரு போத்தல் கொடுங்கள் என்று கேட்டாள்.

மடுவத்தைத் தாண்டி அதை வெளியே கொடுப்பதில்லை என்பது ஆயம்மாவின் சட்டம். பாக்கியத்துக்காக அதை விட்டுக்கொடுத்தார். கொடுக்கும்போது நானும் இருந்தேன். “சூட்டோட வைக்காத. இஸ்தோப்புல குளுருல வச்சிரு. புள்ள முழிச்சா கொஞ்சமா ஊத்திச் சுடவச்சிக் குடு. மிஞ்சினதக் கொட்டிரு” என்று சொன்னார். இஸ்தோப்பு என்பது எங்கள் காம்பராவுக்கு முன்னால் இருக்கும் திறந்த தாழ்வாரம். பனிக்காலத்தில் அங்கே வைத்த தண்ணீரைத் தொட முடியாது.

பாக்கியம் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் பயம் வேறு திசையில் இருந்தது. எங்கள் மலையில் பிள்ளைகளைக் கொண்டுபோவது குளிர்தான். நெஞ்சில் சளி கட்டி, இளைப்பு வந்து, இரண்டு நாளில் முடிந்துவிடும். அதனால் எதையும் சூடாக வைத்திருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாசம். மலைக்குக் கொண்டுபோகும் தேத்தண்ணிப் போத்தலைக்கூடத் துணியில் சுற்றித்தான் கூடைக்குள் வைப்போம். பாக்கியம் அந்தப் போத்தலைத் தன் கம்பளியில் நாலு சுற்றுச் சுற்றி, அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தாள். விடிய விடிய அது இளஞ்சூட்டிலேயே இருந்தது. ஒருநாள் அவள் வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போனபோது அதை நான் பார்த்தேன். பிள்ளைக்குப் போர்த்தவேண்டிய கம்பளியைப் போத்தலுக்குப் போர்த்தியிருக்கிறாளே, எவ்வளவு கவனம் என்றுதான் நினைத்தேன். இந்தக் குளிரில் ஒரு பொருள் கெடும் என்று எங்கள் யாருக்கும் தோன்றாது.

பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. தோட்டத்து மருந்து ஐயா ஒரு தண்ணீர் மருந்து கொடுத்தார். அடுத்த நாள் கண் உள்ளே போய்விட்டது. அதற்கடுத்த நாள் அழக்கூடத் தெம்பில்லை. மழை நின்ற ஒரு பிற்பகலில் அது பாக்கியத்தின் மடியிலேயே அடங்கிப்போனது. என் மகன் அன்றைக்கும் அதே பானையிலிருந்து குடித்துவிட்டுத் தொட்டிலில் உதைத்துக்கொண்டிருந்தான்.

புதைத்துவிட்டு வந்த பிறகு பாக்கியம் அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. யார் பேசினாலும் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆற்றுப் பக்கம் தனியாகப் போய் நின்றாள் என்று அவள் புருஷன் இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்து வந்தான். லயத்துப் பெண்கள் முறை வைத்து அவளோடு இருந்தோம்.

ஒருநாள் காலையில் அவள் எழுந்து நேரே மடுவத்துக்கு நடந்தாள். என் முறை என்பதால் பின்னாலேயே போனேன். கையில் அந்தப் போத்தலும் கம்பளியும் இருந்தன. ஆயம்மா அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தார். பாக்கியம் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“ஆயம்மா, நீங்க குளுருல வைக்கச் சொன்னீங்க. நான் கம்பளில சுத்தி அடுப்போரமா வச்சேன். புள்ளைக்குச் சூடா இருக்கட்டும்னு வச்சேன். அதனாலயா?”

இந்த மனுஷியிடம் போயா கேட்கிறாள் என்று பதறினேன். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடம்கூடப் பொய்யாக ‘அம்மா வருது’ என்று சொல்லாத மனுஷி. ஆயம்மா முதல் தடவையாகக் கிண்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். அடுப்பில் நுரை பொங்கி வழிந்து தீயில் விழுந்து நாறியது.

“இல்ல” என்றார். “அன்னிக்கு எனக்கு மேலுக்குச் சொகமில்ல. பச்சை வாசம் போறதுக்குள்ள பானைய இறக்கிட்டேன். வேகாததக் குடுத்துட்டேன். ஒன் மேல ஒண்ணும் இல்ல புள்ள. தப்பு என்னோடது.”

பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்குவதற்கு முந்தின நாள் அந்தப் பானையை மோந்து பார்த்தவள் நான். நன்றாக வெந்திருந்தது. அதிலிருந்து குடித்த மற்றப் பிள்ளைகள் எல்லாம் எங்களைச் சுற்றித் தொட்டிலில் ஆடிக்கொண்டிருந்தன. பாக்கியத்துக்கு அவை கண்ணில் படவில்லை. போத்தலைச் சுவரில் வீசி அடித்தாள். ஆயம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், மாறி மாறி அறைந்தாள். ஆயம்மா கையைக்கூடத் தூக்கவில்லை. அப்புறம் பாக்கியம் தரையில் விழுந்து, பிள்ளை செத்ததிலிருந்து அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள்.

கண்டாக்கையாவுக்கு இது வெல்லம் தின்ற மாதிரி. வெந்ததா வேகாததா என்று அவர் யாரையும் விசாரிக்கவில்லை. குற்றவாளியே ஒத்துக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு? ஆயம்மாவை மடுவத்திலிருந்து நிறுத்தினார்கள். இனி மடுவத்தில் கடலை அரைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவர் பொறுக்கி அடுக்கிய மிலாறு எல்லாம் துரை பங்களாவுக்குப் போனது. பெண்கள் அவர் எதிரே வந்தால் வேறு வழியில் திரும்பினார்கள். தொட்டில்களுக்குக் கீழே மறுபடியும் சாயத்தண்ணிப் போத்தல்கள் வரிசையாக நின்றன.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் காம்பராவுக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வட்டவளையில் தம்பி மகள் இருக்கிறாள், அங்கே போகிறேன் என்றார்.

“ஏன் ஆயம்மா அப்புடிச் சொன்னீங்க? நான் மோந்து பார்த்தேனே. இப்ப அம்புட்டுப் புள்ளைகளும் சாயத்தண்ணி குடிக்குதுங்க. ஒருத்திக்காக இத்தனை புள்ளைங்க வயித்துல அடிச்சிட்டீங்களே.”

“ஆமா” என்றார். மறுத்துப் பேசவே இல்லை. மூட்டையின் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். “நீ அவ மொகத்தப் பார்த்தியா? நான் ஆமான்னு சொல்லிருந்தா அன்னிக்குப் பொழுதுக்குள்ள அவ ஆத்துல கெடப்பா. என்னத் திட்டட்டும். திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்.”

“அப்ப மத்தப் புள்ளைங்க?”

“அதுக்கு எனக்கு வழி தெரியல புள்ள” என்றார். “ஒனக்கு அரைக்கத் தெரியும். ஒன் புள்ளைக்காச்சும் அரைச்சிக் குடு. அவகிட்ட மட்டும் வாயத் தொறந்துறாத.”

அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு. அவர் சொன்னபடி என் மகனுக்குக் காம்பராவுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு அரைத்துப் பிழிந்து கொடுத்தேன். அவன் பிழைத்தான். அந்த மழைக்காலத்தில் மடுவத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் வற்றிப் போய்ச் செத்தன. சாயத்தண்ணியாலா, சளியாலா என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு தொட்டிலையும் நினைக்கும்போது ஆயம்மா மேல் எனக்கு இப்போதும் கோபம் வரும். பாக்கியத்தை நினைக்கும்போது அந்தக் கோபம் போய்விடும். இன்றைக்கு வரைக்கும் என் மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை.

பாக்கியம் உயிரோடு இருந்தாள். பிறகு அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். அதற்குள் எங்களில் பலர் பால்மா வாங்கப் பழகிக்கொண்டிருந்தோம். பாக்கியம் சளைக்காமல் ஆயம்மாவைத் திட்டுவாள். கொழுந்து எடுக்கும்போது திட்டுவாள், திருவிழாவில் திட்டுவாள், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதுகூட நடுவில் நிறுத்திவிட்டு, “அந்தப் பாதகத்தி மட்டும் சரியா காச்சிருந்தா எம்மகளுக்கு இன்னேரம் என்ன வயசு” என்று தொடங்குவாள். நாங்கள் ‘ம்’ கொட்டுவோம். நானும் கொட்டுவேன்.

யார் யார் இந்தியாவுக்குப் போக வேண்டும், யார் இங்கேயே இருக்கலாம் என்று லயம் லயமாகப் பேச்சு அடிபட்ட காலத்தில், வட்டவளையிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள் மூலமாகத்தான் எனக்கு அந்தச் செய்தி தெரிந்தது. ஆயம்மா இறந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே கடைசிவரை புல்லு வெட்டிக்கொண்டிருந்தாராம். எந்தப் பிள்ளையையும் கையால் தொட்டதில்லையாம்.

பாக்கியம் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷப்படுவாளோ என்று நான் பயந்தேன்.

“அவங்க அன்னிக்குச் சொன்னது பொய்தான” என்றாள்.

நான் சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தேன்.

“நீ சொல்லாட்டிப் போ. எனக்கு அன்னிக்கே தெரியும். அதே பானையில குடிச்சிட்டு ஒன் மகன் காலாட்டிக்கிட்டுக் கெடந்தானே.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவங்க அந்தப் பொய்யக் குடுத்தாங்க, நான் புடிச்சிக்கிட்டேன். இனிமே நான் யாரத் திட்டுறது?”

அவள் மடியிலிருந்த சுளகை எடுத்து, மீதி அரிசியை நான் புடைத்துக் கொடுத்தேன்.